இன்டர்ன்ஷிப்புக்குக் கட்டணமா? தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பெரிய தனியார் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கு,

எங்கள் எம்.எஸ்சி. மாணவிகளுக்கு டயட்டெடிக்ஸ், அதாவது நோய்க்கேற்ற உணவைத் திட்டமிடும் உணவியலில், இன்டர்ன்ஷிப் கேட்டு ஆண்டுதோறும் உங்களுக்குக் கடிதம் போடுவோம். இந்த ஆண்டும் போட்டோம். உங்களில் ஒருவரிடமிருந்து வந்த பதிலைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மாணவியும் மாதக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். ஆறு மாதத் தொகையையும் சேரும் நாளிலேயே கட்டிவிட வேண்டும். இடையில் நின்றால் பணம் திரும்பாது. உதவித்தொகை கிடையாது, தங்குமிடம் கிடையாது, கேன்டீனில் சாப்பிட்டால் அதற்கும் காசு. கோட்டுக்கும் அடையாள அட்டைக்கும் தனியாக ஒரு தொகை. கடைசி வரியில், இடங்கள் குறைவு, முந்துபவர்களுக்கே முன்னுரிமை என்று வேறு இருந்தது. வீட்டுமனை விற்கிறவர்கள் பேசுகிற மாதிரி.

ஒரே ஒரு மருத்துவமனை என்றால் அவர்களுக்கு மட்டும் எழுதி முடித்திருப்பேன். வேறு கல்லூரிகளில் இதே பாடம் நடத்தும் தோழிகளிடம் விசாரித்தேன். அங்கேயும் இதே கதைதான். கட்டணம் கேட்காதவர்களிலும் பலர் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. ஆகவே பெயர் எதுவும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பிள்ளைகளை மரியாதையாக நடத்தி, சாப்பாடும் போட்டு, கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிற இடங்கள் சில இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்தும் உணவியலும் நடத்துகிறேன். அதற்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு மருத்துவமனையில் வார்டு டயட்டீஷியனாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இன்டர்ன்கள் என்ன செய்கிறார்கள், அவர்கள் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தவள். வெளியே நின்று கல்லெறிகிறவள் இல்லை.

முதலில், உங்கள் கடிதத்துக்கு 'வேண்டாம், போங்கள்' என்று எங்களால் ஏன் பதில் எழுத முடிவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டயட்டீஷியன் ஆக விரும்பும் பெண் மூன்று ஆண்டு பி.எஸ்சி. படிக்கிறாள். உடலியங்கியல், உயிர்வேதியியல், உணவு நுண்ணுயிரியல், நோய்க்கேற்ற உணவு, பெரிய அளவில் சமைத்துப் பரிமாறும் நிர்வாகம் என்று பாடங்கள். அப்புறம் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. அதற்கு மேல் 1963இல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கம் நடத்தும் ஆர்.டி. தேர்வை எழுதிப் பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆக வேண்டும் என்றால், மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்ற சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இனிமேல் இந்தப் பிடி இன்னும் இறுகப் போகிறது. சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்கென்று 2021இல் நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் பிசியோதெரபிஸ்ட், ஆப்டோமெட்ரிஸ்ட் வரிசையில் டயட்டீஷியனுக்கும் இடம் இருக்கிறது. யாரும் போர்டு மாட்டிக்கொண்டு டயட் சொல்லலாம் என்ற நிலை போக இது வழி செய்யும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2025 கல்வியாண்டிலிருந்து ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்தியது. நல்ல முடிவு. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது. ஆனால் நோயாளி இருப்பது உங்கள் கட்டடத்துக்குள். அரசு மருத்துவமனைகளிலும் பயிற்சி கிடைக்கிறது என்றாலும் அங்கே இடம் கேட்டு நிற்கும் வரிசை நீளம். ஆக, படிக்கிற பெண் கடைசியில் உங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். அது தெரிந்துதான் வாசலில் உண்டியல் வைக்கிறீர்கள் என்று நான் சொன்னால் வருத்தப்படுவீர்கள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவர்கள் செய்கிற வேலைக்கு வருவோம். நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கு இது சரியாகத் தெரியாது என்பது என் அனுபவம். உங்கள் அறை இருக்கும் மாடிக்கு உணவுத் தள்ளுவண்டி வருவதில்லை.

காலை ஆறரைக்கு இன்டர்ன் சமையலறையில் நிற்கிறாள். தட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் வார்டு எண், படுக்கை எண், உணவு வகை எழுதிய சீட்டு. சர்க்கரை நோயாளியின் தட்டில் பொங்கல் போயிருக்கிறதா, உப்பில்லாத உணவு என்று எழுதிய தட்டில் ஊறுகாய்ப் பொட்டலம் கிடக்கிறதா என்று அவள்தான் பார்க்க வேண்டும். கிடக்கும். வாரத்தில் சில நாளாவது கிடக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, குழாய் வழி உணவு எடுக்கும் நோயாளிகளுக்கான கஞ்சியைப் பார்க்கப் போவாள். மிக்சியில் அடித்ததை நன்றாக வடிகட்டவில்லை என்றால் மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் தயாரித்த நேரம் எழுத வேண்டும். எழுதாத பாட்டிலை நர்ஸ் அக்கா வாங்க மாட்டார். வாங்கவும் கூடாது.

ஒன்பது மணிக்கு வார்டு. புதிதாகச் சேர்ந்தவர்களின் எடை, உயரம், சமீபத்தில் எடை குறைந்ததா, பசி எப்படி, பல் இருக்கிறதா, நேற்று எழுந்தது முதல் படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டு எழுதுவாள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். 'ரெண்டு இட்லிதாம்மா' என்பார் ஒரு அய்யா. அந்த இட்லி எவ்வளவு பெரியது, தொட்டுக்கொண்டது சட்னியா சாம்பாரா, கூட ஒரு வடை உண்டா, டீயில் சீனி எத்தனை கரண்டி, நாளைக்கு எத்தனை டீ என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. நோயாளி சொன்னதை அதிலுள்ள எண்களாக்கி, இவருக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு புரதம் தேவை என்று பார்த்து, அதை மறுபடி இட்லி, சோறு, மீன் குழம்பு என்று திருப்பிச் சொல்லத் தெரிந்தால்தான் டயட்டீஷியன்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். நான் வார்டில் இருந்தபோது நடந்தது. வாரந்தோறும் டயாலிசிஸுக்கு வரும் ஒருவர், விவசாயி. ஒவ்வொரு முறை வரும்போதும் ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக இருக்கும். ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய எண், ஆறைத் தாண்டி நிற்கும். இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய விஷயம் அது. இளநீர் குடிக்கிறாரா? இல்லை. வாழைப்பழம்? தொடுவதே இல்லை. காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துத்தான் சமைக்கிறார்கள். நாங்கள் கொடுத்த தாள் சமையலறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது என்று மனைவி சத்தியம் பண்ணினார். நேரம் இல்லாத சீனியர்கள், 'வீட்டுக்குப் போய் ஏதோ சாப்பிடுறாரு, மறைக்கிறாரு' என்று முடித்துவிட்டார்கள்.

கமுதிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு இன்டர்ன் அந்த அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, குழம்பு வைப்பதை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். புளி எவ்வளவு, மிளகாய்ப் பொடி வீட்டில் அரைத்ததா, உப்பு எந்த உப்பு. அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்: 'டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாருல்ல, அதான் பையன் கடையில நல்ல உப்பா பார்த்து வாங்கியாந்தான். கல்லுப்பே சேர்க்கிறதில்ல.' அடுத்த முறை வரும்போது அந்தப் பாக்கெட்டைக் கொண்டு வரச் சொன்னாள் அந்தப் பெண். வயர் கூடைக்குள் வந்தது. சோடியம் குறைந்த உப்பு. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ள, சிறுநீரகம் நன்றாக இருக்கிற ஒருவருக்கு அது நல்லதாகவும் இருக்கலாம். இவருக்கு அது நஞ்சு. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை அவள் டயட் சார்ட்டின் ஓரத்தில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அதே பேச்சில் இன்னொன்றும் வெளியே வந்தது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் வேறு ஓரிடத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அது சரி. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். ஒவ்வொரு முறையும் புரதச் சத்து வெளியேறுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 0.83 கிராமைவிட அதிகம். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. முட்டையையும் மீனையும் அவர் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தது அந்தப் பெண்தான். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்கு உங்களைப் போன்ற அந்த நிர்வாகம் கொடுத்தது பூஜ்யம். கட்டணம் வாங்கவில்லை என்பது அந்தக் காலத்துப் பெருந்தன்மை.

இனி பில்லைப் பாருங்கள். உள்நோயாளிகளின் பில்லில் டயட் கன்சல்டேஷன் என்று ஒரு வரி வருகிறது. வார்டில் போய்ப் பேசி, எழுதி, கணக்குப் போட்டுச் சார்ட் கொடுப்பதில் பெரும்பகுதி இன்டர்ன்தான். சீனியர் கடைசியில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதாவது ஒரே வேலைக்கு நோயாளியிடமும் வாங்குகிறீர்கள், அதைச் செய்கிறவளிடமும் வாங்குகிறீர்கள். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துத் தரும் என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்கு ஆய்வாளர்கள் வரும்போது ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் ஊட்டச்சத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து நிரப்புகிறவர்கள் யார் என்று உங்கள் குவாலிட்டி துறையையே கேட்டுப் பாருங்கள். அந்த வாரத்தில் மட்டும் இன்டர்ன்களுக்கு டீ, பிஸ்கட் வரும்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். 'நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம், கற்றுக்கொள்கிறவர்கள் கட்டணம் கட்டுவது உலக வழக்கம்தானே.' சரி, முதல் மாதம் அவர்களால் உங்களுக்குச் சுமைதான். அதை மறுக்கவில்லை. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், எழுதியதைத் திருத்த வேண்டும், ஐ.சி.யூ.வுக்குள் அனுப்பப் பயமாக இருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து நிலைமை வேறு. நான் வேலை பார்த்த இடத்தில் பல்கலைக்கழகத் தேர்வுக்காக இன்டர்ன்கள் ஊருக்குப் போனால் பாதி வார்டுகளுக்கு யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இருந்ததே மிகச் சில டயட்டீஷியன்கள். ஆள் கேட்டு எழுதிப் போட்டால், 'இன்டர்ன்ஸ் இருக்காங்களே மேடம்' என்று பதில் வரும். ஒரு கையால் அவர்களைப் பணியாளராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள், இன்னொரு கையால் மாணவி என்று சொல்லிக் கட்டணம் கேட்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அதே வார்டில் எம்.பி.பி.எஸ். முடித்த இன்டர்னும் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார். அவரும் தப்புச் செய்வார், அவரையும் சீனியர் திருத்துவார். அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இரண்டு பேரும் ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதுகிறார்கள். டாக்டர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் அது போதாதுதான்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் யார் என்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் சத்துணவு அமைப்பாளரின் மகள் இருக்கிறாள். மினி பஸ் ஓட்டுநரின் மகள், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரி. இந்தப் படிப்பில் சேரும்போதே, 'சமையல் படிக்க அஞ்சு வருஷமா?' என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வியைத் தாண்டி வந்தவர்கள். ஐந்து ஆண்டு படிக்க வைத்த பிறகு, சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டல் அட்வான்ஸ், மாத வாடகை, சாப்பாடு, பஸ், அதற்கு மேல் உங்கள் கட்டணம் என்றால் அந்த அப்பாக்கள் என்ன செய்வார்கள்? கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். போன ஆண்டு எங்கள் துறையில் முதல் மதிப்பெண் வாங்கியவள் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கெட்டிக்காரப் பெண். சிறுநீரக நோய்க்கான உணவுத் திட்டத்தை அவள் போடுகிற வேகத்துக்கு என்னாலேயே ஈடுகொடுக்க முடியாது. 'வீட்டு நிலைமை சரியாகட்டும் மேடம், அடுத்த வருஷம் இன்டர்ன்ஷிப் போறேன்' என்கிறாள். அடுத்த வருஷம் என்று போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இது அந்தப் பெண்களுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பணம் கட்ட முடிந்தவர்கள் மட்டும் டயட்டீஷியன் ஆனால் உங்கள் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதற்கு என் மேசையில் சான்று இருக்கிறது. எங்கள் ஊர் மக்கள் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வாங்கிவரும் டயட் சார்ட்டுகளை நான் வகுப்பில் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். காலையில் ஓட்ஸ் ஒரு கப், பதினொரு மணிக்குக் கிரீன் டீயும் நான்கு பாதாமும், மதியம் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய பிரக்கோலி, இரவு மல்டிகிரெயின் சப்பாத்தி இரண்டு. இதைக் கொண்டு வந்தவர் பல் கட்டாத ஒரு அப்பத்தா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். காலையில் கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் குடித்துவிட்டுப் போகிறார். அந்தக் கூழ் எவ்வளவு குடிக்கலாம், கூட என்ன சேர்த்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது, மத்தியானச் சோற்றைக் குறைத்து எந்தக் காயைக் கூட்டலாம் என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். பிரக்கோலியை அவர் பார்த்ததே இல்லை. சார்ட்டை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் விழுங்குகிறார். அந்தச் சார்ட்டுக்கும் பில்லில் காசு கட்டியிருக்கிறார்.

கூழைப் பற்றிக் கேட்கத் தெரிந்த பெண்தான் உப்புப் பாக்கெட்டையும் கேட்டாள். அவளைப் போன்றவர்களை வெளியே நிறுத்துகிற மாதிரி நீங்கள் வாசலைக் கட்டுகிறீர்கள்.

இந்த நாட்டில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி வேர்பிடித்தது நம் மாநிலத்தில்தான். 1918இல் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறிய அறையில் பெரிபெரி என்ற சத்துக்குறைபாட்டு நோய்க்காகத் தொடங்கிய ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்த நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 1957இலேயே கோவையில் பெண்களுக்கென்று அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்துவிட்டது. பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இவ்வளவு முன்னால் தொடங்கிய மாநிலத்தில், தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. உங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவுகளும் டயாலிசிஸ் பிரிவுகளும் மாடி மேல் மாடியாக எழும்புவது இவர்களை நம்பித்தான். இவர்களுக்கு உணவு பற்றிச் சொல்ல ஆள் வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பவுடர் டப்பா.

சத்துப் பவுடர் கம்பெனிக்காரர்கள் டயட்டீஷியன் அறைக்கு வருவதும், மாதத்துக்கு இவ்வளவு டப்பா போக வேண்டும் என்று நிர்வாகம் கேட்பதும் நடக்கிறது. நான் வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அந்த டார்கெட்டை இன்டர்ன்கள் தலையிலும் கட்டுகிறார்கள் என்று என் மாணவிகள் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியிடம் டயட் சார்ட்டோடு டப்பாவின் பெயரையும் எழுதிக் கொடுத்து, கீழே பார்மசியில் வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சாயங்காலம் கணக்குக் கேட்கிறார்கள். பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. விழுங்க முடியாத புற்றுநோயாளிக்கு, குழாய் வழி உணவு எடுப்பவருக்கு, பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் மெலிந்து போனவருக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் நன்றாகச் சாப்பிட முடிகிற ஒருவருக்கு? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி பொரிகடலையிலும் வேர்க்கடலையிலும் இருக்கிறது. ஐந்து ஆண்டு இதைப் படித்துவிட்டு வந்த பெண், நோயாளியின் மகன், 'இது அவசியம் வாங்கணுமா மேடம்?' என்று கேட்கும்போது என்ன பதில் சொல்ல வேண்டும்? உண்மையைச் சொன்னால் சாயங்காலம் திட்டு விழும். பொய் சொல்லப் பழகுவதற்கு உங்களுக்குக் கட்டணம் வேறு கட்ட வேண்டும்.

பயிற்சி முடித்துப் பிறகு வேலைக்குச் சேர்ந்தாலும் பல இடங்களில் அவர்களைக் கேன்டீன் மேற்பார்வைக்குப் போட்டுவிடுகிறீர்கள். அது தனிக் கடிதத்துக்கான விஷயம், இப்போது விட்டுவிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது இவைதான். இன்டர்ன்ஷிப் கட்டணத்தை இந்த ஆண்டே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 'நிர்வாகச் செலவு', 'சான்றிதழ்க் கட்டணம்' என்று வேறு பெயரில் வாங்குவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்ததாக, ஆறு மாதத்துக்கும் உதவித்தொகை கொடுங்கள். ஹாஸ்டல் வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் அடங்குகிற தொகையாக அது இருக்க வேண்டும். முதல் மாதம் சுமை என்று நினைத்தால் இரண்டாம் மாதத்திலிருந்தாவது தொடங்குங்கள், அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். வேலை நாட்களில் மருத்துவமனையிலேயே சாப்பாடு போடுங்கள். ஊருக்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் மதியம் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வார்டில் நிற்கிறார்கள்.

பயிற்சி எப்படி நடக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். எந்தச் சீனியர் பொறுப்பு, எத்தனை வாரம் சிறுநீரகப் பிரிவு, எத்தனை வாரம் ஐ.சி.யூ., குழந்தைகள் வார்டு, வெளிநோயாளிப் பிரிவு, சமையலறை என்பது சேரும் நாளிலேயே தெரிய வேண்டும். ஆறு மாதமும் தட்டுச் சீட்டு எழுதிவிட்டுத் திரும்பி வந்த பெண்கள் எங்களிடம் இருக்கிறார்கள். இன்டர்ன்கள் இருப்பதைக் காட்டி டயட்டீஷியன் வேலையிடங்களைக் குறைக்காதீர்கள். தகுதி பெற்ற டயட்டீஷியன் நேரில் வந்து நோயாளியைப் பார்க்காதபோது பில்லில் டயட் கன்சல்டேஷன் போடாதீர்கள். பவுடர் விற்பனையிலிருந்து இன்டர்ன்களை முழுவதுமாக விலக்குங்கள். டயட்டீஷியன்களையும் விலக்கினால் இன்னும் நல்லது.

எங்கள் மாணவிகள் ஜூலையில் பயிற்சியில் சேர வேண்டும். ஜூன் 15க்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை என்று எழுதித் தருகிற மருத்துவமனைகளுக்கு மட்டுமே இந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து பெயர்ப் பட்டியல் வரும். பதில் வராவிட்டால், மற்றக் கல்லூரிகளில் இதே துறையில் இருப்பவர்களோடு சேர்ந்து, நீங்கள் அனுப்பிய கட்டணக் கடிதங்களின் நகல்களை இணைத்து, மாநில மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் தேசிய ஆணையத்துக்கும் மனு கொடுப்போம். மனுவை எழுதத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து, உணவியல் துறை ஆசிரியை ஒருவர்